ஸ்கூட்டர் கிராங்க் முனையில் மரை கெட்டால்: அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

ஸ்கூட்டர் எஞ்சினில் மரை கெடும் முனைகள் மூன்று. பெல்ட் பக்கம் வேரியேட்டரை (பெல்ட் ஓடும் முன் புல்லி) பிடித்திருக்கும் கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) முனை, அதற்கு எதிர்ப்பக்கம் மேக்னெட்டை (காந்தம் பதித்த சக்கரம்) பிடித்திருக்கும் முனை, பின்னால் கிளட்ச் பெல்லை (கிளட்ச்சின் வெளிக்கிண்ணம்) பிடித்திருக்கும் தண்டின் முனை. இதில் அதிகம் அடிவாங்குவது முதலாவது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதை மனதில் வைத்தே எழுதியது. மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

மரை போய்விட்டது என்றதும் பலரும் முதலில் தேடுவது மரை வெட்டும் கருவியான டையைத்தான். அது கடைசியில் எடுக்க வேண்டிய கருவி. கெட்டது தண்டின் மரையா, நட்டின் மரையா? முனையிலா, அடியிலா? எதனால் கெட்டது? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் டையை ஓட்டினால் மிச்சம் இருக்கும் உலோகமும் சீவிக்கொண்டு போய்விடும். காரணத்தைப் பிடிக்காமல் மரையை மட்டும் சரிசெய்தாலும் அதே நட்டு மறுபடி கழன்று வரும்.

கை வைக்கும் முன்

எஞ்சின் ஆறியிருக்கட்டும், பிளக் கேப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் உதட்டின் மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவி, அதற்கு மேல் ஒரு துணியைச் சுற்றுங்கள். அரம் போடும்போது விழும் இரும்புத் தூள் சீலுக்குள் போனால் சீல் கிழியும். மேக்னெட் பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அந்தத் தூளை காந்தமே இழுத்து வைத்துக்கொள்ளும்.

மரையைப் பித்தளை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அல்லது பெட்ரோல் விட்டுக் கழுவித் துடையுங்கள். சில சமயம் இத்தோடு பிரச்சினை முடிந்துவிடும். பள்ளங்களில் பழைய நட்டுப் பசையும் (நட்டு கழலாமல் இருக்க மரையில் விடுவது) அலுமினியத் தூளும் இறுகிக் கிடந்து, மரையே போய்விட்டதுபோல் தோற்றம் காட்டும்.

பிறகு அளவு. ஸ்கூட்டர்களில் இந்த முனை பெரும்பாலும் எம்10 × 1.25 அல்லது எம்12 × 1.25. எம்முக்குப் பின்னால் இருப்பது மி.மீ. கணக்கில் விட்டம். 1.25 என்பது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நட்டு 1.25 மி.மீ. நகரும். ஊகிக்க வேண்டாம், பிட்ச் கேஜை (மரை இடைவெளியை அளக்கும் பல் தகடு) வைத்துப் பாருங்கள். ஒரு சில எஞ்சின்களில் இடது மரையும் உண்டு. தண்டை நிமிர்த்திப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு மரையின் சாய்வைப் பாருங்கள். இடமிருந்து வலமாக மேலேறினால் சாதாரண வலது மரை, வலமிருந்து இடமாக ஏறினால் இடது மரை.

கடைசியாக, சரியான அளவில் ஒரு புது நட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரை உண்மையில் எப்படி இருக்கிறது என்று சொல்லும் கருவி அதுதான். நல்ல மரையில் அது விரலால் திருப்பினாலே அடிவரை ஓட வேண்டும்.

அறிகுறி: நட்டு பிடிக்கவே மாட்டேன் என்கிறது

முனையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். சுத்தியலடி வாங்கிய முனை காளான்போல் விரிந்திருக்கும், முதல் ஒன்றிரண்டு மரை நசுங்கியிருக்கும். வேரியேட்டரையோ மேக்னெட்டையோ கழற்ற யாரோ தண்டின் தலையில் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இருப்பதிலேயே லேசான பழுது இதுதான். நட்டு இறுகும்போது பாரம் மரை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. வாஷரை ஒட்டியிருக்கும் முதல் மூன்று மரையே பாதிக்கு மேல் தாங்கும். தண்டின் வெளிமுனை மரைகளுக்கு நட்டை வழிநடத்துவது தவிரப் பெரிய வேலை இல்லை. எனவே முனையில் ஒன்றரை மரை போனாலும் கவலை இல்லை. அடியில் அரை மரை போனால்தான் கவலை.

தட்டை அரத்தால் விரிந்த விளிம்பை 45 டிகிரிக்குச் சரித்து, மரைப் பள்ளத்தின் ஆழம் வரை இறக்குங்கள். பிறகு சின்ன முக்கோண அரத்தை எடுங்கள். அதன் மூலை 60 டிகிரி, மெட்ரிக் மரையின் கோணமும் 60 டிகிரி என்பதால் பள்ளத்தில் சரியாக உட்காரும். நசுங்கிய மரை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, நல்ல பள்ளத்தில் அரத்தை வைத்து, அங்கிருந்து கெட்ட இடத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். கெட்ட இடத்தில் தொடங்கினால் அரம் புதுப் பாதை போட்டுவிடும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நட்டை வைத்துப் பாருங்கள்.

முனை மரை கெட்டு உள்மரை நன்றாக இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு பழைய நல்ல நட்டை ரம்பத்தால் ஒரு பக்கம் மட்டும் அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் வெட்டுப் பிசிறைச் சுத்தம் செய்யுங்கள். அதைச் சற்றே விரித்து, முனை மரையைத் தொடாமல் தண்டின் மேல் வழுக்கி அடியில் உள்ள நல்ல மரை மேல் கொண்டுபோங்கள். அங்கே லாக்கிங் பிளையரால் இறுக்கிப் பிடித்து, எண்ணெய் விட்டு, வெளிப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டு வாருங்கள். நல்ல மரையே வழிகாட்டி, கெட்டதை நிமிர்த்திவிடும். இதற்கென்றே இரண்டாகப் பிளந்து மாட்டும் டையும் கிடைக்கிறது. அடிக்கடி இந்த வேலை வரும் பட்டறையில் அது ஒன்று இருக்க வேண்டும்.

முனையில் அடி விழுந்த கிராங்க் என்றால் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். ஸ்கூட்டர் கிராங்க் ஒரே துண்டாக வார்த்தது அல்ல, இரண்டு பாதிகளைப் பின்னில் அழுத்திச் சேர்த்தது. தலையில் விழுந்த அடி அந்தச் சேர்க்கையை நகர்த்தியிருக்கலாம். டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) தண்டின் மேல் வைத்து, தண்டை மெதுவாகச் சுற்றுங்கள். பல எஞ்சின்களுக்கு 0.10 மி.மீ. ஆட்டமே கடைசி எல்லை. அதற்கு மேல் போனால் மரையோடு மல்லுக்கட்டுவது வீண்.

அறிகுறி: இரண்டு சுற்று ஏறி அப்படியே பிடித்துக்கொள்கிறது

இதற்கு இரண்டு காரணம். பாதிப் பேர் மறக்கிற காரணத்தை முதலில் சொல்கிறேன்: நட்டே தப்பு. ஹார்டுவேர் கடையில் எம்10 நட்டு கேட்டால் 1.5 பிட்ச் கொடுப்பார்கள், எம்12 கேட்டால் 1.75. இரண்டும் இந்தத் தண்டில் ஓரிரு சுற்று சாதுவாக ஏறும், அப்புறம் நின்றுவிடும். அங்கே ஸ்பேனரோ இம்பாக்ட் கன்னோ (அதிர்வடியால் நட்டை முறுக்கும் இயந்திரம்) போட்டு இழுத்தால் தண்டின் மரை அந்த நட்டின் மரையாக மாற ஆரம்பிக்கும். ஏற்கெனவே மாட்டியிருந்த நட்டை எடுத்து பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள், யார் செய்த வேலை என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம், நட்டு கோணலாக ஏறியது. கெட்ட இடத்தை உற்றுப் பார்த்தால் ஒரு பள்ளத்தை இன்னொரு பள்ளம் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது தெரியும். கையால் மாட்டாமல் கன்னிலேயே நட்டை வைத்து ஏற்றும் பழக்கத்தின் பலன் இது.

இங்கே டையை முனையிலிருந்து நேராக ஏற்றக் கூடாது. டைக்கு எது சரியான பள்ளம், எது கோணல் பள்ளம் என்று தெரியாது; எது முதலில் கிடைக்கிறதோ அதில் போகும். முதலில் முக்கோண அரத்தாலோ மரை அரத்தாலோ கோணல் பள்ளத்தின் மேடுகளை மழுக்குங்கள். மரை அரம் என்பது ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு பிட்ச் பல் வெட்டிய சதுரக் கோல். பிட்ச்சுக்கு ஏற்ற முகத்தைத் தேர்ந்து, பாதிப் பல் நல்ல மரையிலும் பாதிப் பல் கெட்ட மரையிலும் இருக்கும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு மேலே சொன்ன பிளந்த நட்டை உள்ளிருந்து வெளியே ஓட்டுங்கள். அதன் பிறகே, தேவைப்பட்டால், டை.

டை ஓட்டும்போது அகன்ற வாய்ப்பக்கம் தண்டை நோக்கி இருக்கட்டும். வெட்டெண்ணெய் விடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போங்கள். கைக்குப் பாரம் திடீரென ஏறினால் நிறுத்திக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். அரத்தை வைத்தால் கீறாமல் வழுக்கினால் அந்த இடம் கடினப்படுத்தியது, அங்கே சாதா டையின் பல்தான் உடையும்.

புது நட்டை மாட்டும்போது ஒரு சின்னப் பழக்கம்: நட்டை முனையில் நேராக வைத்து முதலில் எதிர்ப்பக்கம் மெல்லச் சுழற்றுங்கள். மரைத் தொடக்கம் சேரும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருப்புங்கள். நாலு சுற்றாவது விரலில் போன பிறகே ஸ்பேனர்.

அறிகுறி: நட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகுவதில்லை

பழைய நட்டைத் தூரப் போட்டுவிட்டுப் புது நட்டைப் போட்டுப் பாருங்கள். நட்டு பெரும்பாலும் தண்டைவிட மென்மையான இரும்பு, முதலில் உரிவது அதுதான். புது நட்டு பிடித்தால் தப்பித்தீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் வெர்னியரை எடுங்கள். எம்12 × 1.25 மரையின் வெளிவிட்டம் 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். தண்டின் மரையும் நட்டின் மரையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும் ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.68 மி.மீ. மட்டுமே. வெர்னியர் 11.4 காட்டினால் ஒரு பக்கம் 0.3 போய்விட்டது, பிடிமானத்தில் கிட்டத்தட்டப் பாதி காலி. பார்வைக்கு மரை இருப்பதுபோலவே இருக்கும், இறுக்கினால் வழுக்கும்.

இந்த நிலையில் டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. போன உலோகத்தை அது திருப்பித் தராது. நட்டுப் பசையும் அப்படியே. நல்ல மரையில் நட்டு கழலாமல் இருக்க உதவுமே தவிர, இல்லாத மரைக்கு அது மாற்று ஆகாது.

செய்யக்கூடியது, நல்ல மரை எங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் நட்டு உட்கார்ந்திருந்த இடம் மட்டும் உரிந்திருக்கும், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரை புதிதுபோல இருக்கும். அப்படியானால் உயரமான நட்டு ஒன்று போட்டுப் பாருங்கள். சாதா எம்12 நட்டின் உயரம் 10 மி.மீ. சுமாருக்கு இருக்கும், 18 மி.மீ. உயரத்திலும் கிடைக்கிறது. தடித்த கடினமான வாஷர் ஒன்றைச் சேர்த்து நட்டை நல்ல மரைக்குத் தள்ளுவதும் ஒரு வழி. இரண்டிலும் மூடியை மாட்டும் முன் உள்பக்கம் கிக் கியரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நட்டுத் தலையில் கொஞ்சம் களிமண் ஒட்டி மூடியை வைத்து எடுத்தால் இடைவெளி எவ்வளவு என்று அச்சாகத் தெரியும்.

நல்ல மரை எங்கும் இல்லை என்றால் லேத்துக்குப் போகலாம். எம்12 × 1.25 மரையின் அடிவிட்டம் 10.47 மி.மீ. அதனால் கெட்ட மரையை முழுக்கச் சீவி 10 மி.மீ.க்குக் கடைந்தால் எம்10 × 1.25 முழு ஆழத்துக்கு வெட்டலாம், உலோகம் போதும். ஆனால் வலிமை குறையும். எம்12 × 1.25இல் பாரம் தாங்கும் பரப்பு 92 சதுர மி.மீ., எம்10 × 1.25இல் 61. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய முறுக்கு அளவுக்கு இறுக்கினால் முனையே திருகி முறியக்கூடும். 10 மி.மீ. துளையுள்ள தடித்த வாஷரும் தேவைப்படும்.

என் கருத்தைக் கேட்டால், பின்பக்க கிளட்ச் தண்டுக்கு மட்டும் இந்த வேலை லாபம். கியர் மூடியைத் திறந்தால் தண்டு கையில் வந்துவிடும். கிராங்க்கை லேத்தில் ஏற்ற எஞ்சினை இறக்கி, கேஸைப் பிளக்க வேண்டும். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய கிராங்க்கையே திரும்ப மாட்டுவதற்கு, புதுசு கிடைக்கவே கிடைக்காது என்பது மட்டும்தான் நல்ல காரணம்.

வெல்டிங் வைத்துக் கடைவது பற்றியும் கேட்பார்கள். கிராங்க் இரும்பில் கார்பன் அதிகம். முன்சூடு கொடுக்காமல் வெல்டு வைத்தால் பக்கத்து இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறி, பின்னால் அங்கேயே விரிசல் விடும். எஞ்சினில் இருக்கும்போதே வைத்தால் சீல் வெந்துவிடும், மின்சாரம் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி போடும். நட்டையே தண்டோடு வெல்டு வைத்துவிடும் ஆசாமிகளும் உண்டு. அந்த வண்டிக்கு அடுத்த பெல்ட் மாற்றுவது யார் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி: நன்றாக இறுகுகிறது, ஆனால் சில நாளில் கழன்றுவிடுகிறது

மரை நன்றாக இருக்கிறது, நட்டு புதுசு, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கியாகிவிட்டது. இருந்தும் கழல்கிறது. கழன்ற நட்டு ஓட்டத்தில் ஆடி ஆடி மரையை உரிக்கும், விசிறித் தட்டின் (பெல்ட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கும், இறக்கைகள் உள்ள தட்டு) உள்பற்களை மழுக்கும். பெல்ட் பக்கம் மரை கெட்டு வரும் வண்டிகளில் இந்தக் கதை அடிக்கடி கண்ணில் படும்.

காரணம் பெரும்பாலும் பெல்ட். வேரியேட்டர் பக்கம் நட்டு இறுகும்போது அந்த இறுக்கம் போக வேண்டிய பாதை ஒன்று உண்டு: நட்டு, வாஷர், விசிறித் தட்டு, வேரியேட்டர் நடுவே போகும் நடுக்குழல், ரோலர்களுக்குப் பின்னால் இருக்கும் பின்தட்டு, கடைசியில் தண்டின் படி. இந்த வரிசை முழுக்க இரும்போடு இரும்பு ஒட்டி நிற்க வேண்டும். புது பெல்ட் விறைப்பாக இருக்கும். மாட்டும்போது அது இரண்டு தட்டுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், நட்டு பெல்ட்டை அழுத்தி அங்கேயே இறுகிவிடும். டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லிவிடும். உண்மையில் விசிறித் தட்டு நடுக்குழலைத் தொடவே இல்லை. வண்டி ஓடியதும் பெல்ட் தன் இடத்துக்கு நகரும், நட்டின் கீழே இருந்த அழுத்தம் மாயமாகும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பெல்ட் இல்லாமல் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டி, நட்டைக் கையால் அடிவரை ஓட்டுங்கள். நட்டுக்கு வெளியே தண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரின் ஆழக்கம்பியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெல்ட்டோடு மாட்டி இறுக்கியபின் அதே அளவை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மரை குறைந்தால்கூட ஏதோ ஒன்று நடுவில் சிக்கியிருக்கிறது.

சிக்காமல் மாட்டுவதற்கு, பின் புல்லியின் இரண்டு தட்டையும் விரித்து பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்குங்கள். முன்னால் பெல்ட் தளர்ந்து தண்டின் மேல் தொங்கும். அந்தத் தளர்வு நட்டு இறுகி முடியும் வரை இருக்க வேண்டும். விசிறித் தட்டை மாட்டி நட்டைக் கையால் ஏற்றும்போதே, பெல்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லூசாக ஆட வேண்டும். இறுக்கி முடித்தபின் கையால் பல தடவை சுற்றிவிட்டால் பெல்ட் தானாக மேலே ஏறிக்கொள்ளும்.

பெல்ட் சரியாக இருந்தும் அளவு வித்தியாசம் வந்தால், வேரியேட்டரைத் தண்டில் தள்ளும்போது பின்தட்டு பின்னால் நழுவி ஒரு ரோலர் வழியை விட்டு விழுந்திருக்கலாம். கழற்றித்தான் பார்க்க வேண்டும். பின்தட்டை விரலால் அணைத்துப் பிடித்தபடியே தள்ளினால் இது நடக்காது.

விசிறித் தட்டின் உள்பற்கள் ஏற்கெனவே மழுங்கியிருந்தால் அதை மாற்றாமல் நட்டை மட்டும் மாற்றுவதில் பலன் இல்லை. தட்டைத் தண்டில் மாட்டி முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் அது குப்பைக்கு.

அறிகுறி: நட்டு பாதியில் சிக்கிவிட்டது, முன்னும் போகாது பின்னும் வராது

இங்கே பலத்தைக் காட்டினால் நட்டு தண்டின் மரையை உரித்துக்கொண்டே வெளியே வரும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சிவப்புப் பசை போட்டிருந்தால் நட்டைச் சூடாக்க வேண்டும், ஆனால் பெட்ரோல், கிளீனர் வாடை சுத்தமாகப் போன பிறகு, சீல் பக்கம் ஈரத்துணி சுற்றிக்கொண்டு. கொஞ்சம் அசைந்தால் முன்னும் பின்னுமாக எண்ணெய் விட்டு விட்டு ஆட்டுங்கள்.

அசையவில்லை என்றால் நட்டைப் பலி கொடுங்கள். நட்டின் ஒரு முகத்தில், தண்டுக்கு இணையாக, சின்ன வெட்டுச் சக்கரத்தால் அறுத்துக்கொண்டே போங்கள். தண்டின் மரையைத் தொட மயிரிழை இருக்கும்போது நிறுத்தி, அந்தப் பிளவில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு விரிந்து பிடியை விட்டுவிடும். மிஞ்சியதை இரண்டாவது அறிகுறியில் சொன்னபடி அரம் போட்டுச் சீராக்கிக்கொள்ளலாம்.

மேக்னெட் பக்கம்

இங்கே மரை கெடுவதற்கு இரண்டே வழி: புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் சுத்தியலால் கழற்றுவது, அல்லது மேக்னெட் உட்காரும் தண்டின் கூம்பு பிடிக்காமல் மேக்னெட் ஆடுவது. முதலாவதற்கு மருந்து, மேக்னெட்டின் நடு மரையில் ஏறும் சரியான புல்லர். இரண்டு கால் புல்லர்தான் இருக்கிறது என்றால் நட்டைத் தண்டின் முனையோடு சமமாக வரும்வரை கழற்றி, அப்படியே விட்டுவிட்டு இழுங்கள். அழுத்தம் நட்டின் மேலும் பரவும், முனை விரியாது.

இரண்டாவதில் மரையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. மேக்னெட்டைப் பிடித்து நிறுத்துவது கூம்பின் உராய்வு. தண்டின் காடியில் உட்காரும் சின்ன அரைவட்டக் கீ டைமிங்குக்காக (பிளக்கில் பொறி வரும் நேரம்) மட்டுமே, பாரம் தாங்க அல்ல. கீ வெட்டுப்பட்டு, கிக் அடித்தால் கால் எகிறி, எஞ்சின் சைலன்சரில் வெடித்தால் கூம்பைப் பாருங்கள். கோடு கோடாகக் கீறியிருந்தால் கீயைக் கழற்றிவிட்டு, வால்வு தேய்க்கும் நுண் பேஸ்ட்டைத் தடவி மேக்னெட்டையே முன்னும் பின்னும் திருப்பித் தேயுங்கள். கூம்பின் பெரும்பகுதி ஒரே மங்கலான சாம்பல் நிறத்துக்கு வந்தால் போதும். பேஸ்ட்டைத் துளி மிச்சமில்லாமல் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்த கூம்பில் புதுக் கீயோடு மாட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது

மரை காய்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் விட வேண்டுமா என்பதைக் கையேடு சொல்லும். அதை மாற்றாதீர்கள். எண்ணெய் விட்ட மரையில் அதே முறுக்கு அளவுக்கு இழுவிசை அதிகமாக ஏறும், பழுது பார்த்த மரைக்கு அது ஆபத்து. பசை போடுவதாக இருந்தால் நீல நிறம் போதும், இரண்டு சொட்டு. கையேட்டில் சொன்ன அளவை ஒரே இழுப்பில் எட்டாமல் மூன்று கட்டமாக ஏறுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் நட்டு வழுக்குகிறதா என்று கை சொல்லும். விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவர் செருகிப் பிடிக்காதீர்கள், அதற்கான பிடிகருவியைப் பயன்படுத்துங்கள்.

நட்டிலும் தண்டின் முகத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு மூடியை மாட்டுங்கள். சில நாள் ஓடியபின் மூடியைத் திறந்து பாருங்கள். கோடு விலகவில்லை என்றால் விட்டுவிடலாம். விலகியிருந்தால் நட்டை மேலும் இறுக்காமல் கழற்றி, நட்டுக்கு வெளியே தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் அளவை மறுபடி எடுங்கள்.